அறுபத்து மூன்றாம் நம்பர் பக்கெட்

அத்தியாயம் 5

இருங்காட்டுக்கோட்டையில் பஞ்சர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் 'சின்னப்பராஜ் விசாரணை நிலையம்' இதுவரை ஒரு கொலையைக் கண்டதில்லை. அங்கே வருவதெல்லாம் ஒரே கேஸ்தான். தென்காசியிலிருந்தோ கோவில்பட்டியிலிருந்தோ ஒரு பெண்ணின் அப்பா போன் செய்வார். மாப்பிள்ளை கார் கம்பெனியில் வேலை என்கிறார்களே, பெர்மனென்ட்டா, கான்ட்ராக்டா என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் கயிற்று நிறத்தை வைத்தே சின்னப்பராஜ் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, யார் வந்தார், யார் யாருக்காகக் கார்டு தேய்த்தார் என்று பார்த்த கண். அந்தக் கண்ணின் மேல் ஊருக்கு இருக்கும் மரியாதையைவிட அவருக்கு இருக்கும் மரியாதை கொஞ்சம் கூடுதல்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு டாக்டர் எவாஞ்சலின் மூச்சு வாங்கப் படியேறி வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு ஐஸ் பெட்டி. அதைத் தரையில்கூட வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்கணும். பேர் தெரியாது. முகமும் தெரியாது."

"தெரிஞ்சது இன்னா?"

"ரத்தம்."

ஜன்னலோரம் டீ ஆற்றிக்கொண்டிருந்த உலகம்மாள் திரும்பினாள். சின்னப்பராஜின் உதவியாளர். அதற்கு முன் விடுதிகளில் சமையல். வாய் நீளம் என்று மூன்று கேன்டீன்கள் அவளை வழியனுப்பி வைத்திருக்கின்றன.

"முகத்தப் பாத்தே எங்க அண்ணாச்சி தப்புத் தப்பாச் சொல்லுவாரு, டாக்டரம்மா. ரத்தத்த வச்சு என்னத்தச் சொல்லப் போறாரு?"

டாக்டர் சிரிக்கவில்லை. சொல்ல ஆரம்பித்தார்.

கல்லீரலைத் தாக்கும் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர் அவர். இரண்டு வருஷம் முன்னால், தண்ணி லாரித் தண்ணீரால் இந்தப் பக்கத்து விடுதிகளில் மஞ்சள் காமாலை பரவியபோது வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். விடுதி விடுதியாக ரத்தம் எடுத்து, தண்ணீரில் வரும் கிருமி, ரத்தத்தில் வரும் கிருமி எல்லாவற்றையும் தேடுகிறார். பேர் கேட்டால் பெண்கள் கை நீட்ட மாட்டார்கள் என்பதால் பேர் கேட்பதில்லை. ஒரு நம்பர் போட்ட கார்டு, அறை எண், கட்டில் எண், அவ்வளவுதான். ரத்தம் கொடுத்தவர்களுக்கு, தண்ணீரை மூடி வைக்க, மூடி போட்ட நீல பக்கெட் ஒன்று. ஒருத்தியே இரண்டு வாங்கிவிடக் கூடாதென்று பக்கெட்டிலும் அதே நம்பரைப் பெயின்ட்டில் எழுதிக் கொடுப்பார்கள்.

"நம்பர் அறுபத்து மூணு. பென்னலூர் விடுதி, அறை ஆறு, கட்டில் மூணு. மூணு மாசம் முன்னாடி எடுத்தது. ஹெபடைடிஸ் பி. கிருமி எண்ணிக்கை எக்கச்சக்கம்." டாக்டர் நிறுத்தினார். "ஃபாரத்துல கர்ப்பம், ஆறு மாசம்னு டிக் பண்ணியிருக்கு."

சின்னப்பராஜ் விரல் விட்டார். ஆறும் மூணும்.

"இந்த வாரமா?"

"இன்னைக்காக்கூட இருக்கலாம். பிறந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ள குழந்தைக்கு ரெண்டு ஊசி போடணும். ஒண்ணு எல்லாக் குழந்தைக்கும் போடுறது. இன்னொண்ணு இந்த மாதிரி அம்மாவோட குழந்தைக்கு மட்டும்." ஐஸ் பெட்டியைத் தட்டினார். "அம்மாவுக்கு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே போடுவாங்க? விட்டா அந்தக் குழந்தைக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கும். பெரியவங்களுக்கு வந்தா பெரும்பாலும் தானாப் போயிடும். பச்சைக் குழந்தைக்கு வந்தா போகாது."

"மூணு மாசமா இன்னா பண்ணீங்க?"

"டெஸ்ட் கிட் வரலை. ரத்தம் என் ஃப்ரீஸர்ல தூங்கிட்டிருந்தது." அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நேத்து ராத்திரிதான் ரிசல்ட் வந்தது. விடியக்காலை, ஷிஃப்டுக்கு முன்னாடியே ஓடினேன், வார்டன்கூட எழுந்திருக்கலை. அந்தக் கட்டில்ல மாரிசெல்வின்னு ஒரு பொண்ணு. நான்தான் ரத்தம் குடுத்தேன்னு சொன்னா. திரும்ப டெஸ்ட் பண்ணேன். கிருமியும் இல்லை, கர்ப்பமும் இல்லை. எங்க லேப்ல லேபிள் மாறியிருந்தா நான் செத்தேன். அறுபத்து மூணு வேற எந்த விடுதியிலயும் இருக்கலாம்."

"ரத்தம் எடுத்தவருக்கு முகம் ஞாபகம் கீதா?"

"எல்லாரும் லாரிப் புழுதிக்குத் துப்பட்டாவால முகத்தைச் சுத்திக்கிட்டுத்தானே வர்றாங்க? எங்க லேப் ஆள் நரம்பைத்தான் பார்த்திருக்கார்." எழுந்தார். "ஒரே ஒரு விஷயம். நோய் பேர் உங்க ரெண்டு பேரைத் தாண்டக் கூடாது. கான்ட்ராக்டர் காதுல விழுந்தா வேலை போச்சு. விடுதியில விழுந்தா அவ தட்டைத் தூக்கி வெளியில வைப்பாங்க. தட்டுல ஒட்டுற நோய் இல்லைன்னு நான் சொன்னா எவ கேட்பா? கண்டுபிடிச்சா என்னைக் கூப்பிடுங்க. நான்தான் சொல்லணும், அவகிட்ட மட்டும்."

அவர் இறங்கிப் போனதும் உலகம்மாள் சொன்னாள்: "ஆளு யாருன்னு தெரியாது. எதுக்குத் தேடுதோம்னு சொல்லக் கூடாது. நல்ல கேஸ் அண்ணாச்சி. கயிறு கலர் பாக்கிற உங்களுக்குத் தோதான கேஸ்."

*

பென்னலூர் மகளிர் விடுதியின் வாசலில், சிமென்ட் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும். ஆண் என்று பிறந்தவன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு உள்ளே, பிளாஸ்டிக் நாற்காலியில், ரிஜிஸ்டரோடு வார்டன் செல்வலட்சுமி. கம்பெனி பஸ் டிரைவரோடு ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் பேசிய பெண்ணுக்கு ஐம்பது ரூபாய் அபராதம் போட்டவர் என்பது சுங்குவார்சத்திரம் வரைக்கும் பிரசித்தம். முப்பத்தைந்து வயசு, சிரித்து யாரும் பார்த்ததில்லை. சித்திரை வெயிலில் தார் உருகிக்கொண்டிருக்க, அவர் கழுத்துவரை ஜிப் போட்ட தடித்த ஜாக்கெட்டில் இருந்தார்.

"குளிர் ஜுரம்" என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

"அக்கா மக வேலைக்கு வாரா. கட்டில் பாக்கணும்" என்றாள் உலகம்மாள்.

"நாப்பது கட்டிலு. நாப்பது பேரு. ஒண்ணு காலியாவுது. நீ போய்ப் பாரு. அவரு கோட்டுக்கு அந்தாண்ட."

உலகம்மாள் உள்ளே போனாள். சின்னப்பராஜ் கோட்டுக்கு அந்தாண்ட நின்று, துப்பறியும் பாவனையில் கதவுக் கீலைப் பார்த்தார். அப்போது வார்டன் மடியிலிருந்து சாவிக்கொத்து நழுவிக் கீழே விழுந்தது. கோட்டுக்கு உள்ளே, அவர் கால் பக்கத்திலேயே. வார்டன் சாவியைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார்.

"கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

கோட்டைத் தாண்டிக் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, சின்னப்பராஜ் நெஞ்சை நிமிர்த்தித் திரும்ப வந்து நின்றார்.

இருபது நிமிஷத்தில் உலகம்மாள் வெளியே வந்தாள். தெருமுனை டீக்கடை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அது பெரிய சாதனை.

"பொய் சொல்லுதா வார்டனம்மா. கட்டில் நாப்பதுதான். பக்கெட் எழுபத்தெட்டு."

"பக்கெட்டையா எண்ணின?"

"பெறவு எதை எண்ண? கட்டில்ல ரெண்டு பேரு மாத்தி மாத்திப் படுப்பாளுவ, அண்ணாச்சி. ஒருத்தி எந்திரிச்சு ஷிஃப்டுக்குப் போவா, இன்னொருத்தி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து விழுவா. தலகாணிச் சூடே ஆறாது. தட்டு மாத்துவாளுவ, சுடிதார் மாத்துவாளுவ. பக்கெட்ட மட்டும் எவளும் எவளுக்கும் குடுக்கமாட்டா. நாப்பது பேருக்குத்தான் லைசென்ஸ், அதான் அந்தம்மா மறைக்குதா."

சின்னப்பராஜின் கண் பளபளத்தது. டீயைப் பாதியில் வைத்தார். "முடிஞ்சுது. லேப்ல தப்பே இல்ல. மூணாம் கட்டில்ல இன்னொருத்தி கீறா. அவதான் அறுபத்து மூணு."

"நெனச்சேன், நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு. அவ பேரு ஐஸ்வர்யா. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்குதா. கால இழுத்து எழுப்பிப் பாத்துட்டேன். ஒட்டடைக் குச்சிக்குத் துணி சுத்துன மாதிரி இருக்கா. வயித்துல பசியைத் தவிர ஒண்ணுமில்ல. ரத்தம் எடுத்த அன்னைக்கு ஊர்ல கோயில் கொடைக்குப் போயிருந்தாளாம். அவ பக்கெட் சேப்பு, வீட்ல இருந்து கொண்டாந்தது."

"அப்ப அறுபத்து மூணு?"

"கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. நீல பக்கெட்டு, நம்பரோட. உள்ள மாரிசெல்வியோட சோப்பு, மாரிசெல்வியோட சீப்பு."

பக்கெட் இருக்கிறது. பக்கெட்டுக்கு உரியவளும் இருக்கிறாள். ரத்தம் மட்டும் அவளுடையது இல்லை. சின்னப்பராஜ் பாதி டீயைத் திரும்ப எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

போன் அடித்தது. டாக்டர். "எல்லா ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டுட்டேன். யார் வந்தா சொல்லணும்னு கேக்கிறாங்க. நான் என்னன்னு சொல்ல? நம்பரைச் சொல்லியா கண்டுபிடிப்பாங்க?" ஐஸ் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "ஐஸை ரெண்டு தடவை மாத்திட்டேன்."

*

காலை வேலை முடிந்த ஏ ஷிஃப்ட் பஸ் சுங்குவார்சத்திரத்தில் இரண்டே காலுக்கு நின்றது. துப்பட்டா சுற்றிய முகங்களாக இறங்கின. யார் யாரென்று தெரியாமல் சின்னப்பராஜ் தவித்துக்கொண்டிருக்க, உலகம்மாள் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தினாள்: "ஏளா மாரிசெல்வி, ஒன் நீல பக்கெட்ட எவளோ தூக்கிட்டுப் போறா."

ஒரே ஒரு முகம் வெடுக்கென்று திரும்பியது.

பெட்டிக்கடை நிழலுக்குக் கூட்டிப் போனார்கள். இருபது வயசு, கோவில்பட்டிப் பக்கம். கண்ணில் எட்டு மணி நேரத் தூக்கம் பாக்கி.

"ரத்தம் நான்தான் குடுத்தேன். காலையிலயே டாக்டரம்மாட்டச் சொல்லிட்டேனே."

"எந்தக் கையில?" என்றார் சின்னப்பராஜ்.

"வலது... இல்ல, இடது."

"எத்தினி மணிக்கு?"

"மத்தியானம். பதினோரு மணி இருக்கும்."

"நீ ஏ ஷிஃப்ட். பதினோரு மணிக்கு லைன்ல நின்னுகினு இருப்ப. அங்க போர்டுல ஸ்க்ரூ போட்டது எந்தக் கை?"

மாரிசெல்வி தரையைப் பார்த்தாள். டைம் ஆபீஸ் கண் சில நேரம் வேலை செய்யத்தான் செய்கிறது.

"தாயி," உலகம்மாள் குரலை இறக்கினாள். "ஒன் மேல தப்பில்ல. ஆனா வயித்துப் பிள்ளைக்காரி ஒருத்தி, தனக்கு என்ன இருக்குன்னு தெரியாம எங்கனயோ கெடக்கா. நீ வாயத் தொறக்கலேன்னா அந்தப் பிள்ளைக்குக் கேடு. பக்கெட்ட யாரு குடுத்தா?"

"வார்டன் அக்கா." சத்தமே வரவில்லை. "ஷிஃப்ட் முடிஞ்சு வந்தேன், குடுத்தாக. நீ வச்சுக்க, யாரு கேட்டாலும் ரத்தம் நீதான் குடுத்தேன்னு சொல்லு, வேற பேச்சு கூடாதுன்னாக. அவுக வெந்நிகூடக் குடுக்க மாட்டாக, சார். பக்கெட்டே குடுக்காகளேன்னு வாங்கிட்டேன்."

"எவளைக் காப்பாத்துதா அந்தம்மா?" என்றாள் உலகம்மாள். "பொத்திப் பொத்தி மறைக்கிற அளவுக்கு எவ மேல அவ்வளவு பாசம்?"

சின்னப்பராஜ் வெயிலில் நிற்கும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரை மாசம். கழுத்துவரை ஜிப். காலடியில் கிடந்த சாவி.

"உலகம்மா, அந்த அம்மா என்னை நம்பித்தான் கோட்டைத் தாண்ட வுட்டாங்கன்னு நெனச்சேன்."

"உங்க மொகராசி அப்படி."

"கால்கிட்ட விழுந்த சாவிய எடுக்க ஒரு ஆம்பளையக் கூப்பிட்டாங்கன்னா, அவங்களால குனிய முடியலன்னு அர்த்தம்."

உலகம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டோரம் வந்தாள்.

"துப்பட்டாவைச் சுத்திக்கினு வரிசையில நின்னாங்கன்னா யாருக்குத் தெரியும்? ஃபாரத்துல அறை நம்பர், கட்டில் நம்பர் கேப்பாங்க. வார்டன் ரூமுக்கு நம்பரே கிடையாது. ஏதாவது ஒரு நம்பர் சொல்லணும். ஏன் மூணாம் கட்டில்? ரெண்டு பேர் படுக்கிற கட்டில். யாராவது தேடி வந்தா, இவ இல்லன்னா அவ, அவ இல்லன்னா இவன்னு சுத்தியே களைச்சுப் போவாங்க. நம்ம களைச்ச மாதிரி. பக்கெட்டை அவங்களே வெச்சுக்கினா நம்பர் காட்டிக் குடுத்துடும், அதான் தள்ளி வுட்டுட்டாங்க." ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி மாரிசெல்வியையும் ஏற்றிக்கொண்டார். "நாம தேடுறவங்க காலைல நமக்கு எதுத்தாப்பலதான் உக்காந்துகினு இருந்தாங்க."

ஆட்டோவிலிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார். ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பென்னலூர்."

*

விடுதியில் பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. ரிஜிஸ்டர் காற்றில் புரண்டுகொண்டிருந்தது. வார்டன் அறை வாசலில் முப்பது பெண்கள். பூட்டிய கதவுக்கு உள்ளிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம்.

"எல்லாரும் ரூமுக்குப் போங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வார்டன் குரல்தான், ஆனால் பாதியாகத் தேய்ந்திருந்தது. "போவலன்னா ஃபைன் போடுவேன்."

"யம்மா, கதவைத் தொறங்க" என்றார் சின்னப்பராஜ்.

"யாரது? ஆம்பளைக் குரல்? காலைல வந்த ஆளுதானே நீ? ஓனர் அனுப்பிச்சாரா, கட்டில் எண்ண? இல்ல லைசென்ஸ் ஆபீஸா? யாருக்கும் தொறக்க மாட்டேன். அவரு நாலு மணிக்கு வந்துடுவாரு."

"எவரு?" என்று முப்பது பெண்களில் ஒருத்தி கிசுகிசுத்தாள். அந்தக் கிசுகிசு வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர இரண்டு விநாடி ஆனது.

சின்னப்பராஜ் கதவைத் தட்டினார். முனகல் மட்டும் கேட்டது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. உலகம்மாள் காதருகே வந்து, "உடைச்சிருவோமா அண்ணாச்சி?" என்றாள். கனமான தேக்குக் கதவு, அதற்குப் பின்னால் இரும்புக் கட்டிலோ பீரோவோ எது இருக்கிறதோ. உள்ளே இருப்பவர் எங்கே படுத்திருக்கிறாரோ. உண்மையைச் சொன்னால் ஒரு நொடியில் திறந்துவிடலாம். ஆனால் வாசலில் அறுபது காது. அந்தக் காதுகளில் நோயின் பெயர் விழுந்தால், இன்றைக்குப் பிறக்கப்போகிற குழந்தையும் தாயும் நாளைக்கு எந்தத் தெருவில் நிற்பார்கள் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

சின்னப்பராஜ் திரும்பி மாரிசெல்வியைப் பார்த்தார். "அதைக் கொண்டா."

அவள் மாடிக்கு ஓடி, சோப்பையும் சீப்பையும் எடுத்துவிட்டு, நீல பக்கெட்டோடு வந்தாள். அவர் அதைக் கதவோரம் வைத்து, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். பிளாஸ்டிக் சத்தம்.

"யம்மா, கட்டில் எண்ண வரல. உங்க பக்கெட்டைக் கொண்டாந்து கீறேன். அறுபத்து மூணு."

முனகல் நின்றது. வராந்தாவும் நின்றது.

இதுவரை அந்த விடுதியில் யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரல்: "ரிசல்ட்டு வந்துச்சா? ரெண்டு தபா போன் பண்ணேன். இன்னும் வரலன்னாங்க. அப்ப ஒண்ணும் இல்லபோலன்னு வுட்டுட்டேன்."

"வந்துச்சு. சொல்ல வேண்டியவங்க வந்துகினே கீறாங்க. கையோட மருந்தும் வருது. பயப்பட ஒண்ணுமில்ல, கதவு தொறந்தாப் போதும்."

"எழுந்துக்க முடியல."

தரையில் ஏதோ உரசும் சத்தம். கதவுக்கு அடியிலிருந்து சாவிக்கொத்து மெல்ல மெல்ல வெளியே வந்தது. இந்த முறை யாரும் சொல்வதற்கு முன்பே சின்னப்பராஜ் குனிந்து எடுத்தார்.

உலகம்மாள் மட்டும் உள்ளே போனாள். போகிற போக்கில் கூட்டத்தைப் பார்த்து, "என்ன பாக்கிய? உங்க வீட்ல எல்லாம் பிள்ளையக் கடையிலயா வாங்குனாக? போய் வெந்நி போடுங்க. இன்னைக்காவது இந்த விடுதியில வெந்நி கெடைக்கட்டும்" என்றாள்.

டாக்டர் வந்தார். ஐஸ் பெட்டியோடு உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நிமிஷம். சின்னப்பராஜ் வெளியே, ஒட்டுக்கேட்கும் வழக்கத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக அடக்கிக்கொண்டு, பத்தடி தள்ளி நின்றார். ஆனாலும் கடைசியில் வார்டன் கேட்டது மட்டும் விழுந்துவிட்டது.

"பால் குடுக்கலாமா?"

"தாராளமா."

ஆம்புலன்ஸ் வந்தபோது, அதற்குப் பின்னாலேயே ஒரு கம்பெனி பஸ் காலியாக வந்து நின்றது. டிரைவர் சீருடையில் குதித்து ஓடி வந்தவர் பெயர் சிவசங்கர். அவரைப் பார்த்ததும், ஐம்பது ரூபாய் அபராதம் கட்டிய அந்தப் பெண் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இவருக்கும் வார்டனுக்கும் கல்யாணமாகி ஒரு வருஷமாம், திருத்தணியில். வார்டனுக்குக் குடும்பம் இருக்கக் கூடாது என்பது ஓனர் போட்ட ரூல். ஸ்ட்ரெச்சரில் போகும்போது செல்வலட்சுமி முகத்தை மூடிக்கொள்ளவில்லை. மூடிக்கொள்ள இனி என்ன இருக்கிறது? இருந்த ஒன்றும் ஐஸ் பெட்டிக்குள் பத்திரமாகப் பின்னாலேயே போனது.

வேனுக்குள் ஏற்றும்போது அவர் சின்னப்பராஜைப் பார்த்தார். மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார் மனிதர்.

"ரிஜிஸ்டர்ல எழுதிட்டுப் போங்க" என்றார் வார்டன்.

எழுத வைக்காமல் விடுவாளா மாரிசெல்வி? ரிஜிஸ்டரை நீட்டிக்கொண்டு நின்றாள். சின்னப்பராஜ் பெயர் எழுதினார். உள்ளே வந்த நேரம் இரண்டு ஐம்பது. பார்க்க வந்த நபர், செல்வலட்சுமி. அடுத்த கட்டம்: வந்த காரணம். பேனா அங்கே நின்றுவிட்டது. முப்பது பெண்களும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். குழந்தை விஷயம் இதற்குள் தெரு தாண்டியிருக்கும், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் டாக்டர் எதற்கு வந்தார், பெட்டியில் என்ன இருந்தது என்று அத்தனை பேர் முகத்திலும் கேள்வி தொங்கியது.

"ஏன் அண்ணாச்சி, கையெழுத்து மறந்துபோச்சா?" என்றாள் உலகம்மாள். பேனா நகரவில்லை. கோட்டைத் தாண்டி வெளியே போகாமல் அங்கேயே, ரிஜிஸ்டர் மேஜை ஓரமாக உட்கார்ந்துகொண்டார். டீ வந்தது. ஆறியது. இன்னொன்று வந்தது.

ஐந்து மணி நாற்பதுக்கு போன் அதிர்ந்தது. டாக்டர் எழுதியிருந்தார்: 'பெண். ஐந்து ஐந்துக்குப் பிறந்தாள். ஐந்து முப்பதுக்குள் ரெண்டு ஊசியும் போட்டாச்சு.'

சின்னப்பராஜ் அதை இரண்டு தடவை படித்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு ரிஜிஸ்டரை இழுத்து, காலியாக இருந்த கட்டத்தில், டைம் ஆபீஸ் காலத்து அழகான கையெழுத்தில் எழுதினார்:

'பக்கெட் கொடுக்க வந்தேன்.'